மாயா இடிபாடுகளில் பறவைப் பயணம்: வருமானம் காட்டைக் காப்பது எப்போது?

2025 ஆகஸ்ட் 15 அன்று மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ் ஆகிய மூன்று நாடுகளின் தலைவர்களும் மெக்சிகோவின் கலக்முல் என்னும் மாயா இடிபாட்டுப் பகுதியில் கூடி, தங்கள் எல்லைகளைக் கடந்து விரியும் 57 லட்சம் ஹெக்டேர் மாயா பெருங்காட்டைக் கூட்டாகப் பாதுகாக்கப்போவதாக அறிவித்தார்கள். அதே கலக்முல் வட்டாரக் காட்டை ஊடறுத்துத்தான் ‘மாயா ரயில்’ எனப்படும் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் பாதையின் ஒரு பகுதியை மெக்சிகோ அரசு சில ஆண்டுகளுக்கு முன் அமைத்தது. மரங்களை வெட்டிய திட்டமும் காட்டைக் காக்கும் திட்டமும் ‘சுற்றுலாவால் உள்ளூர் மக்கள் வாழ்வார்கள்’ என்ற ஒரே வாதத்தை முன்வைப்பதால், செய்தியைப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு.

இந்த வட்டாரத்துச் சுற்றுலாவில் அளவில் சிறியதாக இருந்தாலும் காட்டோடு நேரடியாகப் பிணைந்திருப்பது, வழிகாட்டியுடன் செல்லும் பறவை நோக்கும் பயணம். அது எப்படி நடக்கிறது, அதன் வருமானம் எந்தச் சூழலில் காட்டுக்குப் பயன்படுகிறது, எந்தச் சூழலில் பயன்படாமல் போகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

மாயா காடு என்று எதைச் சொல்கிறார்கள்?

மெக்சிகோவின் யூகத்தான் தீபகற்பத்தின் தென்பகுதி, குவாத்தமாலாவின் வட மாவட்டமான பெத்தேன், பெலீஸின் மேற்குப் பகுதி ஆகியவை சேர்ந்த தாழ்நில வெப்பமண்டலக் காடே மாயா காடு. அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் பாறைக்குள் இறங்கிவிடுவதால் யூகத்தானின் வடபகுதியில் மேற்பரப்பில் ஆறுகளே கிடையாது. ‘செனோத்தே’ எனப்படும் இயற்கைக் கிணறுகள்தான் அங்கே நீர்நிலை.

இந்தக் காட்டை ‘மனிதக் கை படாத கன்னிக் காடு’ என்று பயண நிறுவனங்கள் விளம்பரப்படுத்துவது வழக்கம். அது சரியான வருணனை ஆகாது. விமானத்திலிருந்து லேசர் கதிர்களை அனுப்பித் தரையை அளக்கும் லைடார் முறையில் பெத்தேனில் 2,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு ஆராயப்பட்டு, முடிவுகள் 2018இல் வெளியாயின. அந்தப் பரப்பில் மட்டும் 60,000க்கும் மேற்பட்ட கட்டுமானங்கள் கண்டறியப்பட்டன. மாயா நாகரிகத்தின் உச்சக்கட்டத்தில், அதாவது பொது ஆண்டு 650 முதல் 800 வரையிலான காலத்தில், மைய மாயா தாழ்நிலங்களில் 70 லட்சம் முதல் 1.1 கோடி மக்கள் வரை வாழ்ந்திருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். இன்று டூக்கான் பறவைகள் கத்தும் இடங்களில் பெரும்பகுதி, ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் வயலாகவும் வீதியாகவும் வீட்டு முற்றமாகவும் இருந்தது. மக்கள் விட்டுப்போன பிறகு மீண்டும் வளர்ந்த காடு இது. மக்கள் காட்டுக்குள் வாழ்வதும் காடு நிலைப்பதும் ஒன்றுக்கொன்று பகையா என்ற கேள்வி பின்னால் வரும்போது இந்த வரலாறு உதவும்.

இடிபாடுகளில் பறவைகள் எளிதாகத் தென்படுவது ஏன்?

அடர்ந்த மழைக்காட்டில் பறவைகளைப் பார்ப்பது, அவ்வளவு பறவைகள் இருந்தும், மிகக் கடினம். முப்பது மீட்டர் உயரத்தில் இலைகளுக்கு மேல் நடமாடுபவற்றைக் கீழே நிற்பவர் கழுத்து வலிக்கத் தேடினாலும் நிழலுருவம் மட்டுமே கிடைக்கும். தொல்லியல் களங்களில் இந்த நிலைமை மூன்று காரணங்களால் மாறுகிறது.

1. உயரம். குவாத்தமாலாவின் திகாலில் உள்ள நான்காம் கோயில் சுமார் 65 மீட்டர் உயரமானது, கி.பி. 741ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. அதன் பக்கவாட்டில் உள்ள மரப்படிக்கட்டில் ஏறினால் காட்டின் கூரை பார்வையாளரின் கண்ணுக்குக் கீழே விரிகிறது. கிளிக்கூட்டங்கள் கீழே பறப்பதை மேலிருந்து பார்க்க முடிகிறது. யூகத்தானின் சிச்சென் இட்சாவில் பிரமிடின் மேல் ஏறுவதற்குப் பல ஆண்டுகளாகவே தடை உள்ளதால் அங்கு இந்த வசதி இல்லை.

2. திறந்தவெளியும் காட்டின் விளிம்பும். அகழாய்வுக்காகச் செடிகொடிகளை நீக்கிய சதுக்கங்களைச் சுற்றிலும் காடு சுவர்போல நிற்கிறது. பழம் தின்னும் பறவைகள் இந்த விளிம்பில் வெளிச்சத்துக்கு வருகின்றன. திகாலில் மொந்தெசுமா ஓரோபெந்தோலா என்னும் பெரிய பறவையின் கூடுகள், தூக்கணாங்குருவிக் கூட்டைப் பல மடங்கு நீட்டியதுபோல, உயர்ந்த மரங்களில் கூட்டங்கூட்டமாகத் தொங்குவதை இத்தகைய விளிம்புகளில் பார்க்கலாம். போதாததற்கு, இடிபாடுகளின் மேல் ரமோன் மரங்கள் செழித்து வளர்கின்றன. அவற்றின் பழத்துக்காகப் பறவைகளும் குரங்குகளும் வருகின்றன.

3. வேட்டையின்மை. திகால் 1955இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது; 1979இல் பண்பாடு, இயற்கை ஆகிய இரு தகுதிகளிலும் உலகப் பாரம்பரியக் களமானது. சுமார் 57,600 ஹெக்டேர் பரப்பில் பல பத்தாண்டுகளாகத் துப்பாக்கிச் சத்தம் கேட்காததால் அங்குள்ள விலங்குகளுக்கு மனிதர் மீதான அச்சம் குறைந்திருக்கிறது.

இந்த மூன்றாவது காரணத்துக்குக் கண்கூடான சான்று கண்புள்ளி வான்கோழி. நீலத் தலை, அதன்மேல் ஆரஞ்சு நிறக் கொப்புளங்கள், வால் இறகுகளின் நுனியில் மயில்தோகைக் கண்கள் போன்ற நீலப் புள்ளிகள் என்று அமைந்த இப்பறவை, யூகத்தான் தீபகற்பத்தையும் அதை ஒட்டிய பெத்தேன், பெலீஸ் காடுகளையும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. இறைச்சிக்காக வேட்டையாடப்படும் காடுகளில் மனிதக் காலடி கேட்டவுடன் ஓடி மறையும் அது, திகாலில் விடுதிகளின் புல்வெளியில் வருகையாளரைப் பொருட்படுத்தாமல் மேய்கிறது. எல் மிராடோர் என்ற மாயா நகரில் கிடைத்த, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வான்கோழி எலும்புகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் சில இந்த உள்ளூர் இனத்துக்குரியவை அல்ல, மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்ட வளர்ப்பு இனத்துக்குரியவை என்று 2012இல் தெரிவித்தனர். முற்றத்திலேயே காட்டு வான்கோழி திரிந்தும், மாயா மக்கள் வளர்ப்பதற்குத் தொலைவிலிருந்து வேறொன்றை வரவழைத்திருக்கிறார்கள்.

வழிகாட்டி என்ன செய்கிறார்?

எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லை கொண்ட இருநோக்கியும் கைப்பேசியில் ஒரு பறவைக் கையேடும் இருந்தால் தனியாகவே போகலாமே என்று தோன்றலாம். வெப்பமண்டலக் காட்டில் அது பெரும்பாலும் பலிப்பதில்லை. பறவைகளில் பெரும்பான்மையானவை காதுக்கு முதலிலும் கண்ணுக்குப் பிறகுமே அகப்படுபவை என்பதால், சில நூறு குரல்களை மனப்பாடமாக வைத்திருப்பவர் இல்லாமல் காடு வெறும் இரைச்சலாகவே கேட்கும்.

குரலறிவைத் தாண்டிய ஒரு திறமையும் வழிகாட்டிக்கு வேண்டும். படையெறும்புகளை அறிந்திருப்பது அது. எசிட்டான் புர்செல்லி என்ற இனத்தின் ஒரு குடியில் பல லட்சம் எறும்புகள் இருக்கும். அவை பத்து மீட்டருக்கும் அகலமான முன்னணியாகக் காட்டுத்தரையில் பரவும்போது, சருகுக்கு அடியில் ஒளிந்திருக்கும் கரப்பான்கள், வெட்டுக்கிளிகள், சிலந்திகள் எல்லாம் வெளியே பாய்கின்றன. அந்த முன்னணிக்குச் சற்று மேலே, தாழ்ந்த கிளைகளிலும் செங்குத்துத் தண்டுகளிலும், வுட்கிரீப்பர் இனங்களும் செங்கழுத்து எறும்பு டானேஜர்களும் ஆகிய பறவைகள் காத்திருந்து, ஓடிவரும் பூச்சிகளைக் கவ்விக்கொள்கின்றன. எறும்பை அவை பெரும்பாலும் உண்பதில்லை. ஒரு மணி நேரமாக ஒன்றும் தென்படாத பாதையில் பத்து நிமிடத்தில் ஏழெட்டு இனங்கள் கைநீட்டும் தூரத்தில் தெரிவது இப்படித்தான். இந்த எறும்புகள் ஏறத்தாழ இருபது நாள் ஓரிடத்தில் தங்கி, பிறகு இரண்டு வாரம் போல நாள்தோறும் இடம்பெயர்கின்றன. எந்தக் குடி இப்போது எங்கே தங்கியிருக்கிறது என்பது தினமும் காட்டில் நடப்பவருக்கு மட்டுமே தெரியும். வெளிநாட்டிலிருந்து குழுவோடு வரும் நிபுணர் எவ்வளவு படித்திருந்தாலும் அது அவருக்குத் தெரியாது.

இனங்களைப் பிரித்தறிவதும் அப்படித்தான். ஆரஞ்சு மார்பு வல்லூறு இந்த வட்டாரத்தின் அரிய பறவை. குவாத்தமாலாவிலும் பெலீஸிலும் எஞ்சியிருப்பவை சில பத்து இணைகளே. பாறை முகடுகளில் கூடு வைக்கும் இது, திகாலில் கோயில்களையே பாறையாகக் கொண்டு கூடு வைத்திருக்கிறது. ஆனால் கோயில் உச்சியில் அமர்ந்திருக்கும் கருப்பும் செம்மையுமான சிறு வல்லூறுகளில் பெரும்பாலானவை, அதைப்போலவே தோன்றும் வௌவால் வல்லூறுகள். வெண்ணிறத் தொண்டைக்கும் கருப்பு மார்புக்கும் இடையே ஆரஞ்சுப் பட்டை தெளிவாக இருக்கிறதா, கால்விரல்கள் உடலின் அளவுக்கு மிகப் பெரிதாகத் தெரிகின்றனவா என்பதைத் தொலைநோக்கியில் காட்டிய பிறகே நல்ல வழிகாட்டி பெயரைச் சொல்வார். பயணிகளின் மகிழ்ச்சிக்காக எல்லாவற்றையும் அரியது என்று சொல்லிவிடும் வழிகாட்டிகளும் உண்டு.

எந்தப் பறவைக்கு எந்த இடம்?

விளம்பரங்களில் திகாலின் கோபுரமும் குவெட்சல் பறவையும் ஒரே படத்தில் வருவதுண்டு. குவெட்சல் திகாலில் வாழ்வதில்லை. குவாத்தமாலாவின் தேசியப் பறவையும் அந்நாட்டு நாணயத்துக்குப் பெயர் தந்ததுமான அது, குளிர்ந்த மலைகளின் முகில்காட்டுப் பறவை. அதைத் தேடுபவர்கள் போவது பாஹா வெராபாஸ், ஆல்தா வெராபாஸ் மலைப்பகுதிகளுக்கு. மாயா அரசர்களின் தலையணிகளுக்கான நீண்ட பச்சை இறகுகள், தாழ்நில நகரங்களுக்கு அங்கிருந்தே வணிகப் பொருளாக இறங்கி வந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் தீக்காக்கையும் இந்தக் குவெட்சலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைப் பறவை ஆர்வலர்கள் அறிந்திருப்பார்கள். தாழ்நிலத்தில் அந்தக் குடும்பத்தின் வேறு இனங்கள் உண்டு. குவெட்சல் மட்டும் கிடையாது.

யூகத்தானின் வறண்ட வடபகுதிக்கு வேறொரு ஈர்ப்பு உள்ளது. அந்தத் தீபகற்பத்துக்கே உரிய ஓரிட வாழ்விகள் பத்துக்கும் மேற்பட்டவை. யூகத்தான் ஜே, கடலோரப் புதர்க்காடுகளில் மட்டும் வாழும் யூகத்தான் ரென் போன்றவை அவற்றில் சில. உள்ளூரில் ‘தோ’ எனப்படும் நீலப்புருவ மொட்மொட், செனோத்தேக்களின் சுவர்ப் பொந்துகளிலும் இடிந்த சுவர்களிலும் கூடு வைக்கிறது. நுனியில் மட்டும் இலைபோல் விரிந்த தன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டியபடி அமர்ந்திருக்கும். பூநாரைகளுக்கு செலஸ்தூன், ரியா லகார்தோஸ் கழிமுகங்கள்.

பெலீஸில், வறட்சிக் காலத்தில் நீர் வற்றும் குரூக்கட் ட்ரீ ஏரிக்கு ஜபிரு எனப்படும் பெருநாரைகள் வந்து சேர்கின்றன. மற்றொரு பக்கம், ஹொண்டுராஸின் கோப்பான் இடிபாட்டில் பந்தாட்டக் களத்தின் கல்லில் செதுக்கப்பட்ட செம்பஞ்சவர்ணக் கிளிகள், அதைச் சுற்றியுள்ள காட்டிலிருந்து ஏறத்தாழ அற்றுப்போயிருந்த நிலையில், காப்பகத்தில் வளர்க்கப்பட்டு 2011 முதல் அங்கே மீண்டும் விடப்படுகின்றன.

பருவத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான பயணங்கள் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில் நடக்கின்றன. வட அமெரிக்காவிலிருந்து வலசை வரும் பூங்குருவிகளும் கதிர்க்குருவிகளும் அப்போது இங்கே தங்கியிருக்கும். வட அமெரிக்கப் பறவைகளின் எண்ணிக்கை 1970க்குப் பிறகு ஏறத்தாழ 300 கோடி குறைந்துவிட்டதாக 2019இல் வெளியான ஆய்வு கூறியது. அந்த வலசைப் பறவைகளில் பல, ஆண்டில் பாதிக்கும் மேற்பட்ட காலத்தைத் தெற்கில் கழிப்பவை. பெத்தேனில் எரியும் ஒரு ஹெக்டேர் காட்டின் கணக்கு வடக்கே உள்ள தோட்டங்களிலும் எழுதப்படுகிறது.

பணம் யாரிடம் போகிறது?

பயணி கொடுக்கும் பணம் காட்டைக் காக்க வேண்டுமானால் மூன்று இணைப்புகள் அறாமல் இருக்க வேண்டும்.

1. அந்தப் பணத்தில் கணிசமான பங்கு காட்டை ஒட்டி வாழ்பவருக்குக் கிடைக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனம், வெளிநாட்டுத் தலைமை வழிகாட்டி, தலைநகர விடுதி என்று அமைந்த பயணத்தில் கிராமத்துக்கு எஞ்சுவது ஓட்டுநர் கூலியும் சமையல் கூலியும்தான்.

2. அவ்வாறு பெறுபவருக்கு அந்தக் காட்டின் மீது உரிமை இருக்க வேண்டும். உரிமை இல்லாதவர் எவ்வளவு சம்பாதித்தாலும், வேறொருவர் தீ வைத்து மேய்ச்சல் நிலமாக்க வரும்போது அவரைத் தடுக்க முடியாது.

3. காட்டை வைத்திருப்பதால் வரும் வருமானம் அதை அழித்தால் வருவதோடு போட்டியிட வேண்டும். பறவைப் பயணம் மட்டும் இதைச் செய்துவிடும் என்று நம்புவது மிகை. ஆண்டில் நான்கைந்து மாதம் வரும் சிறு குழுக்களால் ஒரு ஊர் பிழைக்காது.

இரண்டாவது இணைப்புத்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதற்குப் பெத்தேனே பாடம். 1990இல் அமைக்கப்பட்ட, சுமார் 21 லட்சம் ஹெக்டேர் பரப்புள்ள மாயா உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் இரண்டு வகை ஏற்பாடுகள் அருகருகே நடந்தன. மேற்கே லகுனா தெல் திக்ரே, சட்டப்படி மிகக் கடுமையான பாதுகாப்புள்ள தேசியப் பூங்கா. செம்பஞ்சவர்ணக் கிளிகள் கூடு வைக்கும் இடமும், வாகா என்னும் மாயா நகரின் இடிபாடும் அங்கே உள்ளன. காகிதத்தில் இருந்த அந்தப் பாதுகாப்பு, சட்டவிரோத மாட்டுப் பண்ணைக்காரர்களையும் அவர்கள் வைத்த தீயையும் தடுக்கவில்லை. பூங்காவின் காட்டில் பெரும்பரப்பு அழிந்துவிட்டது. வாகாவைச் சுற்றிய கிழக்குப் பகுதி, ஆய்வாளர்களும் காவலர்களும் தொடர்ந்து தங்கியிருப்பதால் பெருமளவு தப்பி நிற்கிறது.

காப்பகத்தின் பலபயன் மண்டலத்தில் 1994 முதல் வேறு வழி பின்பற்றப்பட்டது. கிராமங்களுக்கு 25 ஆண்டு ஒப்பந்தத்தில் காட்டை நிர்வகிக்கும் உரிமை வழங்கப்பட்டது. திகாலுக்கு வடக்கே உள்ள வாஷக்தூன் அத்தகைய ஊர். சூயிங்கம் செய்யப் பயன்படும் சிக்லே மரப்பாலை இறக்குபவர்களின் முகாமாகத் தொடங்கி, மாயா வானியல் கட்டடத் தொகுதி ஒன்றின் அருகிலேயே வளர்ந்த கிராமம். சிக்லேயை ஏற்றிச்செல்ல விமானம் இறங்கிய ஓடுபாதைதான் இன்றும் ஊரின் நடு மைதானம். அந்த ஊர்க் கூட்டமைப்பு 83,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காட்டை நிர்வகிக்கிறது. அளவோடு மரம் வெட்டுவது, பூங்கொத்துகளுக்குப் போகும் ஷாத்தே பனையிலை, சர்வசுகந்தி, ரமோன் கொட்டை ஆகியவற்றோடு சுற்றுலாவும் அவர்களின் வருமானத்தில் ஒன்று. மரம் வெட்ட அனுமதி பெற்ற இத்தகைய ஊர்களின் காடு பெருமளவு நிலைத்திருக்க, ஒரு கிளைகூட வெட்டக்கூடாது என்று அறிவிக்கப்பட்ட பூங்கா எரிந்தது. எல்லா ஊர் ஒப்பந்தங்களும் வெற்றி பெறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிலத்தை விற்றும் கால்நடைக்கு விட்டும் சீரழிந்த ஊர்களின் ஒப்பந்தங்கள் ரத்தாயின.

மூன்றாவது இணைப்பில் பறவை ஆர்வலர்களுக்குச் சங்கடமான ஓர் உண்மையும் உள்ளது. மெக்சிகோவின் கம்பேச்சே மாநிலத்தில், முன்பு சொன்ன அதே கண்புள்ளி வான்கோழியைச் சுட வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்கு, எண்ணிக்கை வரம்போடு, அனுமதி தரப்படுகிறது. ஒரு பறவைக்கு அவர்கள் தரும் தொகை, அதைப் பார்த்துவிட்டுப் போகிறவர் தருவதைவிடப் பெரிது. வேட்டை நடக்கும் பொதுநிலச் சமூகங்கள் அந்த வருமானத்துக்காகவே காட்டை வைத்திருக்கின்றன என்ற வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

உரிமமும் ஒழுங்கும்

மூன்று நாடுகளிலும் வழிகாட்டிக்கு அரசு உரிமம் தேவை. பெலீஸில் அந்நாட்டுச் சுற்றுலா வாரியமும் குவாத்தமாலாவில் இங்குவாட் என்ற சுற்றுலா நிறுவனமும் அதை வழங்குகின்றன. மெக்சிகோவில் பண்பாட்டு வழிகாட்டிக்கு ஒரு விதிமுறையும், இயற்கை நடை போன்ற சிறப்புச் செயல்பாடுகளுக்கான வழிகாட்டிக்கு மற்றொன்றும் உண்டு. கல்வெட்டை விளக்குபவரும் பறவையைக் காட்டுபவரும் அங்கே இரு வேறு அட்டை வைத்திருக்கக்கூடும்.

உரிமம் இருப்பது நன்னடத்தைக்கு உத்தரவாதம் ஆகாது. ஒழுங்கு மீறல்களில் முதன்மையானது, பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கம். தன் எல்லைக்குள் போட்டியாளன் வந்துவிட்டதாக எண்ணும் ஆண் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. ஆள் வராத காட்டில் ஒருமுறை செய்தால் பாதிப்பு சிறிதாக இருக்கலாம். ஒரே மரத்தடியில், பருவம் முழுவதும், குழு மாற்றிக் குழு அதையே செய்தால் கதை வேறு. பதிவு செய்வதற்கு முன், குரல் ஒலிக்கவிடுவீர்களா என்றும், எங்களோடு வரப்போகும் வழிகாட்டி எந்த ஊர்க்காரர் என்றும் கேட்பவருக்கு, நிறுவனத்தின் இயல்பு அந்தப் பதில்களிலேயே விளங்கிவிடும்.

ரயில் எதை மாற்றும்?

இராணுவ நிர்வாகத்தில் இயங்கும் மாயா ரயிலின் முதல் பகுதி 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. ரயில் கொண்டுவரும் கூட்டம் பறவைப் பயணிகளின் எண்ணிக்கையைப் பெருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படை குறைவு. பறவை நோக்குவோருக்கு வேண்டியது விடியற்காலை ஆறு மணி, பத்துப் பேருக்குக் குறைவான குழு, அசையாமல் நிற்க அமைதியான பாதை. கலக்முல் இடிபாடு நெடுஞ்சாலையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் காட்டுக்குள் இருக்கிறது. அந்தச் சாலையில் வாகனங்கள் பெருகினால், சாலையோரத்தில் வான்கோழியும் குவான் பறவையும் தென்படுவதுதான் முதலில் குறையும். ரயிலில் வருபவர் தங்கும் பெரிய விடுதிகளின் வருமானமும் காட்டோர ஊர்களுக்குத் தானாக வந்து சேர்வதில்லை.

ரயிலைத் தன் நாட்டுக்குள் நீட்டும் யோசனைக்குக் குவாத்தமாலா அதிபர் அரேவாலோ, பாதுகாக்கப்பட்ட காடுகளின் ஊடே பாதை போகக்கூடாது என்று நிபந்தனை விதித்தார். மூன்று நாட்டுக் கூட்டுப் பாதுகாப்பு பற்றிய அறிவிப்பு அந்தப் பேச்சுவார்த்தையோடு சேர்ந்தே வந்தது. வரைபடத்தில் 57 லட்சம் ஹெக்டேர் குறிக்கப்பட்டுவிட்டாலும், அதற்குள் லகுனா தெல் திக்ரே போன்ற எரிந்த பூங்காவும் வாஷக்தூன் போன்ற நிலைத்த காடும் இரண்டுமே அடங்குகின்றன. ஊர்களின் ஒப்பந்தங்கள் 2019 முதல் மேலும் 25 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டுள்ளன; அந்தக் காலம் முடியும்போது அவை மீண்டும் அரசின் மேசைக்கு வரும்.